பரம்பரை நோயும் பித்தளைப் பாத்திரமும்



சிறுநீரகத்தையும் கல்லீரலையும் தாக்கும் பரம்பரை நோய்களைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தீர்கள். சாதி ஒழிப்பு பேசும் இடத்தில் ஒரு குழந்தைகள் நல மருத்துவருக்கு என்ன வேலை என்று சிலருக்குத் தோன்றலாம். "பரம்பரை" என்ற சொல் நம் இரண்டு பேருக்கும் பொதுவானது. நீங்கள் அதை எதிர்த்துப் போராடுகிறீர்கள். நான் அதை நாளைக்குப் பத்து முறை நோயாளிச் சீட்டில் எழுதுகிறேன். அந்தச் சொல் எப்போது உண்மையைச் சொல்கிறது, எப்போது உண்மையை மூடி மறைக்கிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

பரம்பரை நோய் என்று பல பத்தாண்டுகள் நம்பப்பட்ட ஒரு நோயிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் வயதில் இருப்பவர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். உங்கள் பாட்டிகளிடம் கேட்டால் "ஈரல் கட்டி வந்து போயிடுச்சு" என்று ஏதோ ஒரு குழந்தையைச் சொல்வார்கள். பழைய தமிழ் இதழ்களைப் புரட்டினால் ஜம்மியின் லிவர் க்யூர் மருந்து விளம்பரம் கண்ணில் படும். அப்படி ஒரு மருந்து ஊரெல்லாம் விற்கும் அளவுக்குக் குழந்தைகளின் ஈரல் நோய் அன்று பரவலாக இருந்தது. மருத்துவத்தில் அதற்கு ஒரு நாட்டின் பெயரையே சூட்டினார்கள்: இந்தியன் சைல்ட்ஹுட் சிரோசிஸ். இந்தியக் குழந்தைகளின் கல்லீரல் இறுக்க நோய்.

1887-இல் கல்கத்தாவிலிருந்து சென் என்ற மருத்துவர் இதைப் பற்றி எழுதினார். அதற்குப் பிறகு நூறாண்டு காலம் இந்த நோய் குழந்தைகளைக் கொண்டுபோனது. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை, பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள் வரும். நன்றாக இருந்த குழந்தை சிணுங்க ஆரம்பிக்கும். சாப்பாடு வேண்டாம் என்னும். வயிறு உப்பும். கை வைத்துப் பார்த்தால் கல்லீரல் பலகை போல் கெட்டியாக, ஓரம் கூர்மையாகத் தட்டுப்படும். மஞ்சள் காமாலை வந்துவிட்டால் அதற்கப்புறம் சில மாதங்கள்தான். ஒரே வீட்டில் ஒரு குழந்தை இறந்து, அடுத்ததும் அதே வயதில் அதே மாதிரி இறப்பது அடிக்கடி நடந்தது. ஆண் குழந்தைகளுக்கு அதிகம் என்றும் பதிவாகியிருக்கிறது. அந்தக் காலத்தில் எந்தக் குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், எதை வீட்டிலேயே விட்டார்கள் என்பதையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கைப் படிக்க வேண்டும்.

இதற்கான காரணத்தைத் தேடியவர்கள் கண்ணில் முதலில் பட்டது சாதி. நடுத்தர இந்துக் குடும்பங்களில்தான் வருகிறது, பார்ப்பனக் குடும்பங்களில் கூடுதல், முஸ்லிம்களிலும் கிறிஸ்தவர்களிலும் குறைவு என்று பல அறிக்கைகள் குறித்தன. சகோதரர்களுக்கு வருகிறது, குறிப்பிட்ட சமூகங்களில் வருகிறது, வேறு நாடுகளில் இல்லை. அப்படியென்றால் இரத்தத்தில்தான் ஏதோ இருக்க வேண்டும் என்று பலர் நினைத்தார்கள். வைரஸ், தாயின் உணவு, நிலக்கடலையில் வளரும் பூஞ்சையின் நஞ்சு என்று வேறு ஊகங்களும் சோதிக்கப்பட்டன. எதுவும் முழுமையாகப் பொருந்தவில்லை. பரம்பரை என்ற விளக்கம் மட்டும் விலகாமல் இருந்தது. எதையும் நிரூபிக்காமலே எல்லாவற்றையும் விளக்கிவிடும் வசதி அதற்கு உண்டு.

1970-களின் கடைசியில் இது மாறியது. இந்தக் குழந்தைகளின் கல்லீரல் பயாப்ஸித் துண்டுகளில் ஆர்சீன் என்ற சாயத்தைப் போட்டுப் பார்த்தபோது அடர்ந்த துகள்கள் தெரிந்தன. அவை செம்பைக் காட்டும் துகள்கள். ஸ்டூவர்ட் டேனர் என்ற பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர், புணே கே.இ.எம். மருத்துவமனையின் ஆனந்த் பண்டிட் முதலியோருடன் சேர்ந்து கல்லீரலில் உள்ள செம்பை அளந்து 1979-இல் லான்செட் இதழில் வெளியிட்டார். உலர்ந்த கல்லீரலில் ஒரு கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டிய செம்பு, இந்தக் குழந்தைகளில் பல நூறு மைக்ரோகிராம் இருந்தது. சிலரில் ஆயிரத்தையும் தாண்டியது.

செம்பு எங்கிருந்து வந்தது? உடம்பு அதை வெளியேற்றத் தவறியதா, வெளியிலிருந்து உள்ளே போனதா? இங்கேதான் அந்தப் புணே குழுவை நான் மதிக்கிறேன். ஷீலா பாவே உள்ளிட்ட அந்த மருத்துவர்கள் பரிசோதனைக் கூடத்தோடு நிற்காமல், தாய்மார்களிடம் போய் எளிய கேள்விகளைக் கேட்டார்கள். தாய்ப்பால் எத்தனை மாதம் கொடுத்தீர்கள்? மாட்டுப்பால், எருமைப்பால் எப்போது ஆரம்பித்தீர்கள்? அதை எதில் காய்ச்சினீர்கள்? எதில் ஊற்றி வைத்தீர்கள்? நோய் வந்த குழந்தைகளையும் நோய் வராத குழந்தைகளையும் ஒப்பிட்டபோது விடை கிடைத்தது. நோய் வந்த குழந்தைகளுக்குச் சீக்கிரமே விலங்குப் பால் கொடுக்கப்பட்டிருந்தது. அந்தப் பால் பித்தளையிலோ செம்பிலோ காய்ச்சி வைக்கப்பட்டிருந்தது. 1983-இல் அதுவும் லான்செட்டில் வந்தது.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். ஈயம் பூசாத பித்தளையில் பாலை வைத்தால், பாலிலுள்ள கேசின் என்ற புரதம் செம்பைப் பற்றி இழுத்துக்கொள்ளும். நம் வீடுகளில் பித்தளையின் களிம்பு ஆகாது என்று தெரியாமல் இல்லை. "பாத்திரத்துக்கு ஈயம் பூசறது" என்று தெருவில் கூவிக்கொண்டு போன தொழிலாளிகளால்தான் புளிக்குழம்பு விஷமாகாமல் இருந்தது. புளிப்பு பட்டால் பச்சைக் களிம்பு கண்ணுக்குத் தெரியும், நாக்குக்கும் தெரியும். பாலில் அப்படி எதுவும் தெரியாது. பிறந்த குழந்தையின் கல்லீரலில் இயற்கையாகவே செம்பு அதிகம். அதைப் பித்தத்தின் வழியே வெளியேற்றும் வேலை மெல்லத்தான் பழகும். அந்த மாதங்களில் தாய்ப்பாலை நிறுத்திவிட்டுப் பித்தளைப் பாலைப் புகட்டினால் பாரம் முழுவதும் அந்தச் சின்ன ஈரலின் மேல் விழும்.

இப்போது சாதிக்குத் திரும்புவோம். யார் வீட்டில் பித்தளை இருந்தது?

1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை அணியக் கூடாது, சட்டை போடக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது என்ற அந்தப் பட்டியலில் இதுவும் ஒன்று: வீட்டில் மண் பாத்திரம் தவிர வேறு எதையும் பயன்படுத்தக் கூடாது. 1935-இல் குஜராத்தின் அகமதாபாத் மாவட்டத்தில் ஜானு என்ற ஊரில் தீண்டப்படாதோர் எனப்பட்ட குடும்பங்களின் பெண்கள் உலோகக் குடத்தில் தண்ணீர் எடுத்ததற்காகத் தாக்கப்பட்டார்கள். அண்ணல் அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' நூலில் அதைக் குறிப்பிடுகிறார். பித்தளை என்பது வெறும் சமையல் சாமான் இல்லை. சொத்து. அந்தஸ்து. சீர்வரிசையில் மகளுக்குக் கொடுத்து, அவள் பெயரை வெட்டி, அவள் தன் மகளுக்குக் கொடுத்தது. மாடு வைத்திருக்கவும், பாலைக் காய்ச்சி வைக்கவும், அதைப் பித்தளையில் வைக்கவும் வசதியும் அனுமதியும் பெற்றவர்களின் வீட்டில் அந்த நோய் கூடுதலாக இருந்தது. மருத்துவ அறிக்கைகள் "சாதி" என்ற பத்தியில் எழுதியது சமையலறை அலமாரியை. அண்ணனுக்கும் தம்பிக்கும் நோய் வந்ததற்குக் காரணம் ஒரே வயிற்றில் பிறந்தது மட்டும்தானா? இரண்டு பேருக்கும் ஒரே பாத்திரத்தில்தான் பால் காய்ந்தது.

இதைச் சொல்லி யாரும் மகிழ வேண்டியதில்லை. செத்தவை குழந்தைகள். அந்தத் தாய்கள் தங்கள் வீட்டில் இருந்ததிலேயே உயர்ந்த பாத்திரத்தில்தான் பாலைக் காய்ச்சினார்கள். மண் சட்டிக்குத் தள்ளப்பட்டவர்கள் வீட்டிலும் குழந்தைகள் செத்தன. வயிற்றுப்போக்கிலும் பசியிலும் செத்தன. அவற்றுக்கு லான்செட்டில் தனிப் பெயர் கிடைக்கவில்லை.

பிறகு எவர்சில்வர் வந்தது. வாங்கியவர்கள் யாரும் கல்லீரலை நினைத்து வாங்கவில்லை. புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், ஈயம் பூச வேண்டாம், தவணையில் கிடைக்கிறது. பழைய பித்தளையைப் போட்டுவிட்டு எவர்சில்வர் வாங்கினார்கள். எல்லாச் சாதி வீட்டிலும் ஒரே டம்ளர் நுழைந்த முதல் காலம் அதுவாக இருக்கலாம், தேநீர்க் கடையில் அது இரண்டாகப் பிரிந்தே இருந்தது என்றாலும். செம்பை வெளியேற்றும் பெனிசிலமின் மருந்தை முன்கூட்டியே கொடுத்து சில குழந்தைகளைப் புணே மருத்துவர்கள் காப்பாற்றினார்கள். பித்தளையில் பால் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டும் இருந்தார்கள். 1990-களில் நோய் கிட்டத்தட்ட மறைந்தது. மரபணு அவ்வளவு வேகமாக மாறாது. இரண்டு தலைமுறைக்குள் ஒரு பரம்பரை நோய் காணாமல் போகிறது என்றால், அந்தப் பரம்பரையை நாம் தப்பான இடத்தில் தேடியிருக்கிறோம்.

நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். செம்பு உள்ளே போனது மட்டுமே காரணம் என்பதை எல்லோரும் ஏற்கவில்லை. நோயியல் அறிஞர் என்.சி. நாயக் அந்தச் சான்றுகள் போதாது என்று நீண்ட காலம் வாதிட்டார். இன்னொரு சான்று ஆஸ்திரியாவின் டிரோல் மலைப்பகுதியிலிருந்து வந்தது. 1900-க்கும் 1974-க்கும் இடையில் அங்கே 138 குழந்தைகள் இதே மாதிரி இறந்திருந்தார்கள் என்று முல்லர் குழுவினர் 1996-இல் எழுதினார்கள். அங்கேயும் ஈயம் பூசாத செம்புப் பாத்திரத்தில் மாட்டுப்பால். பாத்திரம் மாறியதும் நோய் போனது. ஆனால் குடும்ப மரங்களை வரைந்து பார்த்தபோது மரபணுவின் தடமும் தெரிந்தது. அதாவது செம்பைத் தாங்க முடியாத ஒரு மரபுப் பலவீனம் சில குழந்தைகளுக்கு இருந்திருக்கலாம். பாத்திரம் இல்லாவிட்டால் அந்தப் பலவீனம் வெளியே தெரிந்தே இருக்காது. இந்தியக் குழந்தைகளிலும் அப்படி இருந்திருக்கக் கூடும் என்றுதான் நானும் நினைக்கிறேன். அப்படி இருந்தாலும் மாற்ற முடிந்தது பாத்திரத்தைத்தான்.

சரி, உண்மையிலேயே பரம்பரையாக வருகிற நோய்களுக்கு வருவோம். செம்பிலேயே ஒன்று இருக்கிறது. வில்சன் நோய். ஏ.டி.பி.7பி என்ற மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதாக இருந்தால் எந்தப் பாத்திரத்தில் சாப்பிட்டாலும் கல்லீரலிலும் மூளையிலும் செம்பு சேரும். அந்த மரபணு 1993-இல் கண்டறியப்பட்டது. சிறுநீரகத்துக்கும் கல்லீரலுக்கும் சேர்த்து வரும் ஒன்று, குழந்தைகளின் நீர்க்கட்டிச் சிறுநீரக நோய். பிறக்கும்போதே சிறுநீரகங்கள் பெருத்து நீர்க்கட்டிகளோடு இருக்கும், கல்லீரலின் பித்தக் குழாய்களும் சரியாக உருவாகியிருக்காது. இதற்கான பி.கே.எச்.டி.1 மரபணு 2002-இல் தெரியவந்தது. இவை இரண்டும் ஒடுங்கு பண்பாக வருபவை. அப்பாவிடம் ஒரு பழுதான பிரதி, அம்மாவிடம் ஒரு பழுதான பிரதி. இருவருக்கும் நோய் இல்லை. பிள்ளைக்கு இரண்டும் சேர்ந்தால் நோய். ஒவ்வொரு பேறுகாலத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு.

அதனால்தான் எங்கள் புறநோயாளிப் பிரிவில் முதல் கேள்வியே "சொந்தத்துல கல்யாணமா?" என்பது. தேவையான கேள்விதான். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் சுமார் 28 விழுக்காட்டினர் உறவுக்குள் மணமுடித்தவர்கள். ஆனால் அந்தக் கேள்வி கேட்கப்படும் விதத்தைக் கவனித்திருக்கிறேன். மாமன் மகனைக் கட்டச் சொன்னது பெரியவர்கள், சொத்து வெளியே போகக் கூடாது என்று முடிவெடுத்தது ஆண்கள். தலைகுனிந்து நிற்பது அந்தப் பெண். "ஆமாங்க சார், மாமா பையன்தான்" என்று குற்றத்தை ஒப்புக்கொள்வது போல் சொல்வாள். அப்பா பெரும்பாலும் வெளியே டீ குடித்துக்கொண்டிருப்பார்.

பெரியவர்களுக்கு வரும் நீர்க்கட்டிச் சிறுநீரக நோய் வேறு வகை. அது ஓங்கு பண்பு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே போதும், பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சொந்தத்தில் கட்டினீர்களா, சாதி விட்டுச் சாதி கட்டினீர்களா, கடல் கடந்து கட்டினீர்களா என்பதெல்லாம் அதற்குப் பொருட்டே இல்லை. பரம்பரைச் சிறுநீரக நோய்களில் மிகப் பரவலானது இதுதான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

உறவுத் திருமணத்தைப் பற்றிப் பேசும்போது ஆதிக்கச் சாதி நண்பர்கள் ஒருவகைப் பெருமிதத்தோடு சொல்வார்கள்: "எங்களில் சொந்தத்தில் கட்ட மாட்டோம், கோத்திரம் பார்ப்போம்." கோத்திரம் பார்த்துவிட்டு எங்கே கட்டுகிறார்கள்? சாதிக்குள்தான். அம்பேத்கர் 25 வயதில், 1916 மே 9 அன்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையின் மையமே இது. புறமணப் பழக்கத்தின் மேல் அகமணத்தைப் போட்டு மூடியதுதான் சாதி உருவான வழி என்று அவர் வாதிட்டார். மரபணு என்ற பொருளின் வடிவம் யாருக்கும் தெரியாத காலம் அது. நூறாண்டுக்குப் பிறகு மரபணுத் தரவுகள் அந்தப் பூட்டின் அடையாளத்தைக் காட்டின. ஹைதராபாத் சி.சி.எம்.பி.யின் தங்கராஜ், ஹார்வர்டின் டேவிட் ரைக் ஆகியோரின் குழுக்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கும் 1,900 ஆண்டுகளுக்கும் இடையில் இந்தத் துணைக்கண்டத்து மக்கள் பரவலாகக் கலந்தார்கள். பிறகு அந்தக் கலப்பு நின்றுபோனது. கலந்தவர்களைத்தான் பிரித்து அடைத்திருக்கிறார்கள். அடைத்த பிறகுதான் "தூய்மை" பேசியிருக்கிறார்கள்.

2017-இல் அதே குழுக்கள் 260-க்கும் மேற்பட்ட சமூகங்களைச் சேர்ந்த 2,800-க்கும் மேற்பட்டோரின் தரவுகளை ஆராய்ந்தன. அவற்றில் 81 சமூகங்கள், ஒடுங்கு நோய்களுக்குப் பெயர்போன அஷ்கெனாசி யூதர்களையும் பின்லாந்துக்காரர்களையும் விடக் குறுகிய மூதாதையர் கூட்டத்திலிருந்து வந்தவை. அவற்றுள் 14 சமூகங்களின் மக்கள்தொகை பத்து லட்சத்துக்கும் மேல். ஊர் முழுக்கப் பரவிய பெரிய சாதிதான், ஆனால் மரபணுவில் ஒரு சின்னக் கிராமம். கோத்திரம் பார்த்து யாரைக் கட்டினாலும் தூரத்துச் சொந்தம்தான். தெரிந்த எடுத்துக்காட்டு, வைசிய சமூகத்தில் கூடுதலாகக் காணப்படும் ஒரு நொதிக் குறைபாடு. பியூடிரில்கோலின்எஸ்டரேஸ் என்ற அந்த நொதியைச் செய்வது கல்லீரல். அது இல்லாதவர்களுக்கு மயக்க மருந்தோடு கொடுக்கும் ஒரு வகைத் தசைத் தளர்த்தி ஊசி போட்டால் நீண்ட நேரம் மூச்சுத் தசைகள் இயங்காது. அறுவை அறைக்குள் போகும் முன் தெரிந்திருந்தால் ஊசியை மாற்றலாம், உயிருக்கு ஆபத்தில்லை.

இந்த இடத்தில்தான் நம் தோழர்களோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. "சாதி மறுப்புத் திருமணம் செய்தால் ஆரோக்கியமான, அறிவான குழந்தைகள் பிறக்கும், அறிவியலே சொல்கிறது" என்று நம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறேன். கைதட்டலும் கிடைக்கிறது. எனக்கு இந்த வாதத்தில் உடன்பாடு இல்லை. அறிவு என்று சேர்த்துச் சொல்வதற்குச் சான்று கிடையாது. நோய் விஷயத்தில் பாதி உண்மை இருக்கிறது. ஒடுங்கு நோய்கள் குறையும். ஓங்கு நோய்கள் குறையாது. சற்றுமுன் சொன்ன நீர்க்கட்டி நோய் சாதி மறுப்புத் தம்பதியின் பிள்ளைக்கும் வரும். அப்போது அந்தத் தம்பதியிடம் என்ன சொல்வோம்? கொள்கை பொய்த்துவிட்டது என்றா?

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. 1983-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு யூத மதகுரு டோர் யெஷோரிம் என்ற அமைப்பைத் தொடங்கினார். டே-சாக்ஸ் என்ற கொடிய ஒடுங்கு நோயில் தன் குழந்தைகளை இழந்தவர் அவர். திருமணப் பேச்சுக்கு முன் இளைஞர்களின் இரத்தத்தைச் சோதிப்பார்கள். இரண்டு பேரும் பழுதான பிரதி உள்ளவர்கள் என்றால் அந்த இணையை மட்டும் தவிர்க்கச் சொல்வார்கள். நோய் பெருமளவு குறைந்தது. சமூகத்துக்குள் மணமுடிக்கும் வழக்கத்துக்கு எந்தக் குறையும் வரவில்லை. நாளை நம் சாதிச் சங்கங்களும் திருமணத் தகவல் மையங்களும் ஜாதகத்தோடு மரபணு அறிக்கையையும் கேட்டால், நோய் குறையும், சாதி அப்படியே இருக்கும். அன்றைக்கு நம் மேடை வாதம் என்னவாகும்? இரண்டு பேர் மனமொத்துச் சேர்ந்து வாழ்வதற்கு நல்ல வித்தாகப் பிள்ளை பெற்றுக் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. பெரியாரின் சுயமரியாதைத் திருமணம் மாட்டுப்பண்ணைக் கணக்கு இல்லை. வெட்டப்படும் நம் இளைஞர்கள் மரபணு வளத்துக்காகக் காதலித்தவர்களும் இல்லை.

இன்னொரு தவறும் இதே ஆராய்ச்சிகளை வைத்து நடக்கிறது. சாதிகளுக்கிடையே மரபணு வேறுபாடு தெரிகிறதே, அப்போது சாதி உயிரியல் உண்மைதானே என்று கேட்பார்கள். பல தலைமுறை ஒரு வேலிக்குள் அடைத்து வைத்துவிட்டு, உள்ளே இருப்பவர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பதைக் காட்டி, வேலி இயற்கையானது என்கிறார்கள். ஆய்வு காட்டுவது வேலியின் வயதை.

ஒரு முத்திரையை உடம்பின் உண்மையாக எடுத்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவில் சிறுநீரகத்தை வைத்தே ஒரு சான்று உண்டு. சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை இரத்தத்தில் உள்ள கிரியேட்டினின் அளவிலிருந்து ஒரு சூத்திரத்தால் கணக்கிடுவார்கள். 2009-இல் வந்து பரவலான சூத்திரத்தில், நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையை 1.159 ஆல் பெருக்க வேண்டும். யார் கறுப்பினத்தவர் என்பதற்குச் சோதனை ஒன்றும் இல்லை, படிவத்தில் ஒரு கட்டம். அங்கே மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்பில் நாட்கள் சேரத் தொடங்க மதிப்பு 20 அல்லது அதற்குக் கீழ் இருக்க வேண்டும். ஒரே வயது, ஒரே பாலினம், ஒரே இரத்த அறிக்கை. வெள்ளையருக்கு 18 என்று வந்தால் பட்டியலில் இடம். கறுப்பினத்தவருக்கு அதே 18 பெருக்கப்பட்டு 20.9 ஆகிவிடும். இன்னும் கொஞ்சம் கெட்டுப் போகட்டும், பிறகு வாருங்கள்.

மருத்துவ மாணவர்கள் பல இடங்களில் இதைக் கேள்வி கேட்டார்கள். உங்கள் வயதுக்காரர்கள்தான். 2021-இல் இனத்தை நீக்கிய புதிய சூத்திரம் வந்தது. 2022-இல் உறுப்பு ஒதுக்கீட்டு அமைப்பு பழைய கணக்கைத் தடை செய்தது. 2023-இலிருந்து இழந்த காத்திருப்புக் காலத்தைத் திருப்பிக் கணக்கிட்டார்கள். 2024-க்குள் 14,000-க்கும் மேற்பட்டோருக்கு அந்த நாட்கள் திரும்பக் கிடைத்தன. அந்தப் பெருக்கல் காரணியோடு காத்திருந்தே இறந்தவர்கள் அந்த எண்ணிக்கையில் இல்லை.

அதே சமூகத்தில் உண்மையான மரபணுக் காரணமும் ஒன்று இருக்கிறது என்பது இன்னும் சுவையானது. ஆப்பிரிக்க அமெரிக்கர்களுக்குச் சிறுநீரகச் செயலிழப்பு ஏன் அதிகம் என்பதை ஆராய்ந்த மார்ட்டின் பொல்லாக் என்ற மருத்துவ விஞ்ஞானியின் குழு 2010-இல் அபோஎல்1 என்ற மரபணுவின் இரண்டு மாற்று வடிவங்களைக் கண்டறிந்தது. ஆப்பிரிக்காவில் உறக்க நோயை உண்டாக்கும் கிருமியிலிருந்து பாதுகாப்பதால் நிலைபெற்ற வடிவங்கள் அவை. இரண்டு பிரதி சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து கூடும். ஆப்பிரிக்க அமெரிக்கர்களில் ஏறத்தாழ 13 விழுக்காட்டினருக்கு இரண்டு பிரதியும் உண்டு. மீதி 87 விழுக்காட்டினருக்கு இல்லை. இருப்பவர்களிலும் பெரும்பாலோருக்கு நோய் வருவதில்லை. வேறு ஏதோ ஒன்றும் சேர வேண்டியிருக்கிறது. தோலின் நிறத்தைப் பார்த்து இது எதையும் சொல்ல முடியாது. இரத்தத்தை எடுத்து அந்த ஒரு மரபணுவைப் பார்க்க வேண்டும். மரபணுவை நெருங்கிப் பார்க்கப் பார்க்க "இனம்" என்ற விளக்கம் சிறுத்துக்கொண்டே போகிறது.

நம் ஊரில் படிவத்தில் சாதி எழுதும் வழக்கம் சில ஆஸ்பத்திரிகளில் இன்னும் இருக்கிறது. மருத்துவத்துக்குச் சாதி தெரிந்தே ஆக வேண்டிய நேரம் மிகச் சில. அந்த நேரத்திலும் தேவைப்படுவது குறிப்பிட்ட மரபணுவுக்கான சோதனைதான். அந்தச் சோதனை அரசு மருத்துவமனையில் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும், மரபணு ஆலோசனை மாவட்டத் தலைமை மருத்துவமனை வரை வர வேண்டும். இதைக் கோரிக்கையாக நம் இயக்கங்கள் எழுப்பி நான் பார்த்ததில்லை. 2021-இன் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை, அடுத்த ஆண்டு செய்த திருத்தத்துக்குப் பிறகு, ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி என்கிறது. அது தேர்ந்தெடுத்த சில உயர் மையங்கள் வழியாகத்தான். அந்த வாசலுக்கு வந்து சேரவே நோய்க்கு ஒரு பெயர் வேண்டும். பெயர் வைக்கச் சோதனை வேண்டும். சோதனை தனியார் கூடத்தில் இருக்கிறது.

கடைசியாக, நடைமுறைக்கு உதவும் இரண்டு விஷயங்கள். பித்தளையும் செம்பும் இப்போது "பாரம்பரியம்" என்ற பெயரில் திரும்பி வருகின்றன, நல்ல விலைக்கு. அலமாரியில் அழகாக இருக்கட்டும். கைக்குழந்தைக்குக் கொடுக்கும் பாலை அதில் காய்ச்சவோ ஊற்றி வைக்கவோ வேண்டாம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும்.

இன்னொன்று வில்சன் நோய். நன்றாகப் படித்த பையனின் கையெழுத்து திடீரென்று கோணலாகிறது, பேச்சு குழறுகிறது, காரணமில்லாமல் கோபப்படுகிறான், அல்லது மஞ்சள் காமாலை வந்து வந்து போகிறது. "காத்து கறுப்பு" என்று கோயிலுக்கும் தர்காவுக்கும் கூட்டிப்போய் ஓராண்டு கழித்து எங்களிடம் வருவார்கள். கண்ணின் கருவிழி ஓரத்தில் பழுப்பு வளையம் இருக்கிறதா என்று கண் மருத்துவர் பார்த்துச் சொல்லிவிடுவார். செருலோபிளாஸ்மின் இரத்தச் சோதனையும், ஒரு நாள் முழுக்கச் சேகரித்த சிறுநீரில் செம்பின் அளவும் பார்க்க வேண்டும். நோய் உறுதியானால் உடன்பிறந்த எல்லோரையும், அவர்கள் நன்றாக இருந்தாலும், சோதிக்க வேண்டும். பெண் பிள்ளைகளை "அவளுக்கு ஒண்ணுமில்லை" என்று வீட்டில் விட்டுவிட்டு வருகிறார்கள். அவளுக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்புதான். அறிகுறி வரும் முன்பே மாத்திரை தொடங்கினால் அந்தப் பிள்ளை எல்லோரையும் போல் வாழும். உங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு தெரிந்தால் கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள். இப்போது கேள்விகளுக்குப் போகலாம்.